துடைத்த புள்ளி

1

இந்தக் கதை ஒரு பெருமையடிப்பில் பிறந்தது. அடித்தவன் நான்தான், ஃப்ரானே. எங்கள் தீவின் மீனவர் சங்க நாட்காட்டிக்காகக் கலங்கரை விளக்கத்தைப் படமெடுத்திருந்தேன். காப்பிக் கடையில் நாலு பேர் பாராட்டியதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. வானத்துக்கு நீலம் கூட்டினேன், சுவரின் துருக்கறையை எடுத்தேன், கடலில் ஒரு தூசிப் புள்ளி, அதையும் துடைத்தேன் என்று அளந்தேன்.

அடுத்த மேசையில் பெரீனா இருந்தாள். எந்தத் தேதி என்று கேட்டாள். சொன்னேன். எத்தனை மணி என்றாள். மாலை நாலேகால் என்றேன்.

அன்றுதான் அவளுடைய அண்ணன் ஷிமே படகோடு போய்த் திரும்பாமல் போனான்.

“அது தூசி இல்லடா,” என்றாள். “எங்கண்ணன்.”

2

(முதல் வரைவு இப்படித் தொடங்கியது: ‘மாலை வெயிலில் வெண்ணிறக் கலங்கரை விளக்கம் தகதகவென்று...’ வேண்டாம். இதுவும் நீலம் கூட்டுகிற வேலைதான்.)

கேமராவுக்குள் விழுந்த தூசி என்றால் எல்லாப் படத்திலும் ஒரே இடத்தில் நிற்கும். அடுத்த படத்தைப் பார்த்திருந்தாலே போதும். நான் பார்க்கவில்லை. பிடித்த ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் அழித்துவிட்டேன். வெட்கமாக இருக்கிறது.

3

முதல் வரைவில் இந்த இடத்தில் பெரீனாவை அழவைத்திருந்தேன். உண்மையில் அவள் அழவில்லை. அந்த வரியை அடித்துவிட்டேன்.

யூகோ என்கிற தென்காற்று வீசும் நாளில் எங்கள் ஊரில் பேச்சுக்கு மதிப்பில்லை. யார் யாரைத் திட்டினாலும் காற்று திரும்பியதும் அதை மறந்துவிட வேண்டும். ஷிமே போன அன்று காலை யூகோ வீசியது. அப்பா வைத்த ஒலிவ மரங்களை வெட்டுவது பற்றி அண்ணனுக்கும் தங்கைக்கும் தகராறு. இனி என் வாசலை மிதிக்காதே என்று சொல்லிவிட்டாள். சொல்லிவிட்டு, வழக்கம்போல இரண்டு தட்டு வைத்து மீன் சமைத்தாள்.

அவள் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றுதான். அந்த நேரத்தில் ஷிமே அவள் வீட்டுச் சாப்பாட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தானா, அல்லது அவள் சொன்னதை மனதில் வைத்துக்கொண்டு வெளிக்கடலுக்குப் போனானா?

4

நாட்காட்டிப் படத்தின் துடைக்காத மூலத்தை எடுத்துப் பெரிதாக்கினேன். நாலைந்து சாம்பல் கட்டங்கள். படகின் முன்பக்கம் எது, பின்பக்கம் எது, ஒன்றும் தெரியவில்லை. விட்டுவிடலாமா என்றேன்.

“அழிச்சவன் நீதானே? தோண்டி எடு,” என்றாள்.

ஒன்பது நாள் தோண்டினேன். அழித்தவற்றில் ஒரே ஒரு படம் மீண்டது. நாலு நிமிடம் கழித்து எடுத்தது. அதில் புள்ளி கலங்கரை விளக்கத்தை நெருங்கியிருந்தால் வீடு. விலகியிருந்தால் வெளிக்கடல்.

(முடிவு அ: புள்ளி நெருங்கியிருந்தது. பெரீனா இரண்டாவது தட்டை
முடிவு ஆ: புள்ளி
இரண்டையும் நிறுத்திவிட்டேன். புள்ளியை நகர்த்த எனக்கு அரை நிமிடம் போதும். என் கை வேலை யாருக்கும் தெரியாது.)

முதலில் நான் பார்த்துச் சொல்லட்டுமா என்று கேட்டேன்.

“நீ பார்க்காதே. நீ பார்த்தா அழகாக்கிருவே.”

5

இப்போது அவள் என் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். நான் சுவரைப் பார்த்து நிற்கிறேன். அங்கே நாட்காட்டி தொங்குகிறது, துடைத்த கடலோடு.

படம் திறந்துவிட்டது.

வாசகரே, வேண்டுமானால் அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பாருங்கள். பார்த்ததை என்னிடம் சொல்லிவிடாதீர்கள். சொன்னால் எழுதிவிடுவேன். எழுதினால் அழகாக்கிவிடுவேன்.