கூட்ட மேசையின் நீளம்

நகர்மன்றத்தின் முதல் மாடிக் கூட்ட அறையிலிருந்த தேக்கு மேசை, இளைஞர்களோடு பேச்சு தொடங்கிய மாதத்திலிருந்து கூட்டத்துக்கு ஒரு சாண் வளர்ந்தது. தச்சர் மூன்று முறை அறுத்துப் பார்த்தார். அறுத்ததும் சேர்ந்து வளர்ந்தது. பிறகு அவர் ரம்பத்தை வீட்டில் வைத்துவிட்டு அளவுநாடாவை மட்டும் கொண்டுவந்தார்.

பேச்சு தொடங்கக் காரணம் கல். தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் குடியிருப்பு. இந்தப் பக்கம் பள்ளி, தையல் ஆலை, நகர்மன்றம். நடுவே பாலம் இல்லை. ஒரு மாணவன் ரயிலில் அடிபட்டுச் செத்த வாரம், இளைஞர்கள் நகர்மன்றத்தின் ஜன்னல்களை ஒன்று விடாமல் கல்லெறிந்து உடைத்தார்கள். தலைவர் போலீசைக் கூப்பிடவில்லை. மாதாமாதம் முதல் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வந்து பேசுங்கள் என்றார். ஆறு பேர் போனார்கள். அவர்களுக்காகப் பேசியவள் தையல் ஆலையில் வேலை செய்தாள், பத்தொன்பது வயது. மூச்சுவிடாமல் பேசுவதால், துணி ஓரத்தைக் கடகடவென்று அடிக்கும் ஓவர்லாக் மிஷின் என்று பெயர். நாளடைவில் வெறும் ஓவர்லாக். அவள் தம்பி தினமும் தண்டவாளத்தைத் தாண்டித்தான் பள்ளிக்குப் போனான்.

முதல் கூட்டத்தில் தலைவர் மேசைக்குக் குறுக்கே எட்டி அவள் கையைப் பிடித்தார். "என்னை உன் பெரியப்பா மாதிரி நெனச்சுக்கோம்மா. ஆறு மாசத்துல பாலம் வந்துடும்." அன்றுதான் முதல் சாண். இரண்டாம் வருஷம் கை எட்டவில்லை. மூன்றாம் வருஷம் மைக் வந்தது. நான்காம் வருஷம் மேசைக்காகச் சுவரை இடித்தார்கள்; அந்தத் தீர்மானம் ஒரே அமர்வில் நிறைவேறியது. மேசை வெளியே தண்டவாளப் பக்கமாக அந்தரத்தில் நீண்டது. நடுவில் கால் இல்லை, தொங்கவும் இல்லை. இளைஞர்கள் அதன் நுனியில் கால்களைத் தொங்கவிட்டு உட்கார்ந்து கோரிக்கை வைத்தார்கள்.

ஆறாம் வருஷம் ஒருநாள் கரண்ட் போய் மைக் செத்தது. தலைவர் செருப்பைக் கழற்றிவிட்டு மேசைமேல் நடந்து வந்து ஓவர்லாக்கின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"பாலம் முடியாதுன்னு ரயில் இலாகாவுல மூணு வருஷம் முன்னாடியே எழுதிட்டாங்கம்மா. உங்க மூஞ்சியப் பாத்துச் சொல்ல வாய் வரல."

மேசை ஒரு முழம் சுருங்கியது.

அவள் முதல்முறையாக நிதானமாகப் பேசினாள். "நாங்க குடுத்த மனுவுல ஆயிரம் கையெழுத்து இருந்துச்சே தலைவரே, பாதி நான் போட்டது. செத்தவங்களையும் விடல."

"தெரியும். எங்கப்பா கையெழுத்தும் இருந்துச்சு. அவரு சாகிற வரைக்கும் கைநாட்டு."

எல்லோரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். மேசை ரயில்பெட்டிபோல உருண்டு உள்ளே போனது. அடுத்த வாரம் இரு தரப்பும் சேர்ந்தே இலாகாவுக்குப் போய்க் கேட்கலாம் என்று தலைவர் சொன்னபோது அது அறைக்குள் அடங்கியிருந்தது.

கரண்ட் வந்தது. எழுத்தர் கேட்டார்: "இதையெல்லாம் குறிப்புல ஏத்தணுங்களா ஐயா?"

தலைவர் மைக்கைப் பார்த்தார். மேசையிலிருந்து இறங்கிச் செருப்பை மாட்டிக்கொண்டார். "வேணாம், அடிச்சிடுங்க. பேச்சு சுமுகமா நடந்துச்சுன்னு போடுங்க."

மேசை விட்ட இடத்தையெல்லாம் பிடித்து, அதற்கு மேலும் ஏழு முழம் பாய்ந்தது. ஓவர்லாக் விளிம்பைப் பிடித்துத் தப்பினாள். இலாகாவுக்கு யாரும் போகவில்லை. அந்த மாதமே அவள் தம்பியின் வலது பாதத்தை ரயில் எடுத்துக்கொண்டது. அடுத்த கூட்டத்தில் தலைவர் மைக்கில் ஆழ்ந்த வருத்தம் தெரிவித்தார். அவள் மைக்கை எடுத்து நன்றி சொன்னாள்.

அதன்பின் மாதம் ஒரு முழம். பத்தாம் வருஷம் மேசை தண்டவாளத்தைத் தாண்டி, குடியிருப்பின் முதல் மாடி நடைவழியைத் தொட்டது. ரயில்கள் அடியில் போயின, ஜனங்கள் மேலே நடந்தார்கள். 'பேசிப் பேசியே கட்டிய பாலம்' என்று தலைவர் கல்வெட்டு வைத்தார். யாரும் கல் எறியவில்லை.

இப்போதும் கூட்டம் நடக்கிறது, ஒரு முனையில் அவர், மறுமுனையில் ஓவர்லாக். போன வருஷம் புதிதாக வந்த ஒருத்தி ஓர் உண்மையைச் சொல்லிவிட்டாள். பால்காரர் பாதி வழியில் இருக்கும்போது மேசை நடைவழியிலிருந்து இரண்டு விரல் விலகியது. அதிலிருந்து, புதிதாக வருகிறவர்களுக்கு எதைச் சொல்லக்கூடாது என்று ஓவர்லாக் ஒரு வாரம் சொல்லிக்கொடுக்கிறாள்.

இந்தச் சனிக்கிழமையும் அவள் மைக்கை எடுத்தபோது தம்பி ஊன்றுகோலோடு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தான், நடு மேசையில். கீழே ரயில்.

"உங்க மேல முழு நம்பிக்கை இருக்கு தலைவரே."

"எனக்கும் உங்க மேலதாம்மா."

மேசை இரண்டு விரல் வளர்ந்து நடைவழிச் சுவரில் இறுகியது. தம்பி தட்டித் தட்டி இந்தப் பக்கம் வந்து சேர்ந்தான்.