ஆராய்ச்சி சிஸ்டருக்கு மார்க்

கீமோ அறையில் ஜன்னலோர நாற்காலி கண்டக்டருக்குத்தான் என்பது எழுதாத சட்டம். பஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்று வருடக்கணக்காகியும் மனுஷனுடைய குரல் மட்டும் ஓய்வு பெறவில்லை. கையில் ஊசி ஏறி மருந்து சொட்டிக்கொண்டிருக்கும்போதே அறை முழுவதையும் விசாரித்துவிடுவார். யாருக்கு வாந்தி நின்றது, யாருக்கு முடி முளைக்கிறது, யார் மகனுக்கு வேலை கிடைத்தது, எல்லாம் அவருக்கு அத்துப்படி. அவருடைய குடல் புற்றுநோயைப் பற்றிக் கேட்டால் மட்டும், "அது கெடக்குது, சளி மாதிரி ஒண்ணு" என்று தள்ளிவிடுவார். துணைக்கு வந்து பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மனைவி துண்டை மடித்துக்கொண்டிருப்பாள்.

அந்த அறையின் செல்லப்பிள்ளை ஒரு நர்ஸ். எவ்வளவு கண்ணாமூச்சி ஆடும் நரம்பையும் ஒரே குத்தில் பிடித்துவிடுவாள். புற்றுநோயாளிகளின் மனபாரத்தைக் குறைக்கும் வழிகளை எப்படி ஆராய்வது என்று படிக்க, வாரத்தில் ஒரு சாயங்காலம் வகுப்புக்குப் போக ஆரம்பித்தாள். அன்றிலிருந்து அவள் ஆராய்ச்சி சிஸ்டர் ஆகிவிட்டாள். சாப்பாட்டு நேரத்தில்கூடப் புள்ளியியல் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு தலையைச் சொறிவாள். பெற்ற மகள் படிப்பதைப் போலக் கண்டக்டருக்குப் பெருமை பிடிபடாது. மருந்து கொண்டுவரும் பையனிலிருந்து பெரிய டாக்டர் வரை எல்லோரிடமும், "நம்ம பொண்ணு ஆராய்ச்சி பண்ணுது, தெரியுமில்ல?" என்பார்.

நோயாளிகள் மனம் விட்டுப் பேச ஒரு சின்ன அறையும், கேட்பதற்கு ஒரு ஆளும் வேண்டுமென்று அவள் நிர்வாகத்திடம் கேட்டிருந்தாள். பலன் இருக்கிறதென்று காட்டு, பிறகு பார்க்கலாம் என்றார்கள். எனவே எல்லோருடைய மனபாரத்தையும் முதலில் அளப்பது, சில வாரங்கள் உட்கார்ந்து பேசுவது, மறுபடி அளப்பது என்று திட்டம் போட்டாள். ஆளுக்கொரு அட்டை கொடுத்தாள். அதில் காய்ச்சல் பார்க்கும் கருவி போல ஒரு படம். அடியில் பூஜ்யம், உச்சியில் பத்து. இந்த வாரம் மனம் எவ்வளவு பாரமாக இருந்ததோ அந்த எண்ணைச் சுற்றி வட்டம் போட வேண்டும்.

அவள் அந்தப் பக்கம் போனதுதான் தாமதம், கண்டக்டர் களத்தில் இறங்கிவிட்டார்.

"எல்லாரும் கேட்டுக்குங்க. இது அந்தப் பொண்ணோட பரீட்சை. நம்ம பாரம் கம்மியா இருந்தாத்தான் நல்லா கவனிச்சிருக்கான்னு மார்க் போடுவாங்க. யாரும் அவ காலை வாரிடாதீங்க!"

"நான் ராத்திரியெல்லாம் கண்ணே மூடலியே" என்றார் எதிர் நாற்காலித் தையல்காரர்.

"அதை வீட்ல சொல்லிக்குங்க. இங்க பூஜ்யம்."

"நான் வேணா ஒண்ணு போடட்டுமா? நம்புற மாதிரி இருக்கும்" என்றார் ஒரு டீச்சரம்மா. காப்பியடித்த பிள்ளைகளை எத்தனை வருடம் பார்த்தவர்! கண்டக்டர் பெரிய மனசு பண்ணி அனுமதித்தார்.

அடுத்த முறை கண்டக்டர் மருந்தேற்றிக்கொள்ள வந்தபோது சிஸ்டர் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"போன தடவை வாங்கின அட்டையெல்லாம் ஒதுக்கி வச்சிட்டேன் சார்."

"ஏம்மா? மார்க் பத்தலியா?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அது என் மார்க் இல்ல சார், உங்க பாரம். தூக்க மாத்திரை கேட்டு வாங்கினவரும் பூஜ்யம், அன்னைக்கு பாத்ரூம்ல அழுதவங்களும் பூஜ்யம். பூஜ்யத்துலேர்ந்து நான் எதைக் குறைக்கிறது? இங்க யாருக்கும் ஒரு கஷ்டமும் இல்லையே, எதுக்கு அறைன்னு நிர்வாகத்துல கேப்பாங்க."

கண்டக்டருக்கு முகம் விழுந்துவிட்டது. நல்லது செய்கிறோம் என்று நினைத்து அவள் பிழைப்பிலேயே மண்ணைப் போடப் பார்த்தோமே என்று நொந்துபோனார். உடனே நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"கவலைய விடு. எல்லாரையும் பத்து போடச் சொல்லிடறேன்!"

"ஐயோ சார், அதுவும் வேணாம்! உள்ளதை உள்ளபடி சொன்னா போதும். தப்பு என் மேலதான். பழகின முகம் கேட்டா மனசு நோகக் கூடாதுன்னு பதில் சொல்வாங்கன்னு வகுப்புல படிச்சேன். படிச்சும் நானே வந்து கேட்டேன். இந்தத் தடவை கூடப் படிக்கிறவ ஒருத்தி வந்து கேப்பா. நான் ரூம்லயே இருக்க மாட்டேன்."

நல்ல மார்க் என்று கையில் வந்ததைத் தானே தூக்கிப் போடும் ஆளைக் கண்டக்டர் அதுவரை பார்த்ததில்லை. என்ன பொண்ணுடா இது என்று நெஞ்சு நிறைந்துவிட்டது. நாற்காலி நாற்காலியாக, "அவங்கவங்க மனசுல என்ன இருக்கோ அதைச் சொல்லுங்க, என்னைப் பார்க்காதீங்க" என்று மறு உத்தரவு போட்டார்.

ஊருக்கெல்லாம் உத்தரவு போட்டாயிற்று. தன் முறை வந்தபோதுதான் கஷ்டம் தெரிந்தது. வந்திருந்தவள் கண்ணாடி போட்ட, சிரிக்காத பெண். திரையை இழுத்து மூடிவிட்டு, "அம்மா கொஞ்சம் வெளிய இருக்கலாமா?" என்று கேட்டாள்.

மனைவி எழுந்தாள். அவள் போய்விட்டால் சொல்வது சுலபம். ஆனால் வீட்டுக்குப் போனதும் மறுபடி சளி என்றுதான் பேச வேண்டியிருக்கும். அதை நினைத்தாலே அவருக்கு அலுப்பாக இருந்தது.

"அவ இருக்கட்டும்மா" என்றார். அட்டையைப் பார்த்தார். அறையையே அதட்டும் குரல் எங்கே போயிற்றோ, மெதுவாகத்தான் வந்தது. "எட்டு. பயமா இருக்கு. ராத்திரி ரொம்பவே பயமா இருக்கு."

பெண் எழுதிக்கொண்டாள். மனைவி எழுந்தவள் எழுந்தபடியே நின்றாள்.

"எனக்கு ஒன்பது" என்றாள்.

இருவரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"இவர் சிரிச்சுப் பேசும்போதெல்லாம் ஒன்பது. என்னைத்தான் யாரும் கேக்கலியே."

"அம்மா, துணைக்கு வர்றவங்க இந்த ஆய்வுல இல்ல..." என்றாள் அந்தப் பெண் தயங்கி.

"இல்லாட்டி பரவாயில்ல. அவ சொன்னதையும் ஓரமா எழுதிக்கம்மா" என்ற கண்டக்டர், மனைவியின் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்தார்.

சிஸ்டர் ஒவ்வொருவரிடமும் சில வாரங்கள் உட்கார்ந்து பேசிய பிறகு, கூடப் படிப்பவளே வந்து மறுபடி அளந்தபோது பெரும்பாலோருக்கு எண் குறைந்திருந்தது. பூஜ்யமாகவில்லை, கொஞ்சம் குறைந்திருந்தது. அந்தக் கொஞ்சத்தை ஆராய்ச்சி சிஸ்டர் கொஞ்சம் என்றே நிர்வாகத்தின் முன்னால் சொன்னாள். கூட்டியும் சொல்லவில்லை, குழைந்தும் கேட்கவில்லை. பழைய ஸ்டோர் ரூமைக் காலி செய்து கொடுத்துவிட்டார்கள். இரண்டு நாற்காலி, ஒரு மேஜை, சாத்திக்கொள்ள ஒரு கதவு. அடுத்த ஆய்வு துணைக்கு வருகிறவர்களைப் பற்றித்தான் என்று வகுப்பிலும் சொல்லிவிட்டு வந்தாள். முதல் ஆளாகக் கண்டக்டரின் மனைவியைக் கூப்பிட்டாள்.

கண்டக்டர் வெளி பெஞ்சில் மனைவியின் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். அந்த வழியாகப் போன தையல்காரர், "என்ன சார், இங்க உக்காந்துட்டீங்க?" என்றார்.

கண்டக்டர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார்.

"உள்ள என் சம்சாரம் பேசிட்டிருக்கா. நான் துணைக்கு வந்திருக்கேன்."