நாற்காலிக்கு அடியில் ஒட்டிய தாள்

நாற்காலிப் பட்டறை முதலாளியின் அக்கா ஒரு சாம்பிள் நாற்காலியில் உட்கார்ந்து, மூன்று வருடம் ஏழு மாதம் எழுந்திருக்கவில்லை.

அந்தப் பட்டறையில் ஒரு வழக்கம். புதுப் பொருள் எப்படி இருக்க வேண்டும் என்று முதலாளி ஒரு தாளில் எழுதித் தருவார். அதைச் சாம்பிளின் அடியில் ஒட்டிவிடுவார்கள். சாம்பிள் அதன்படியே நடக்கும், கூடவும் செய்யாது, குறையவும் செய்யாது. முதலாளிக்கோ ஒரு வரிக்கு மேல் எழுதினால் கை வலிக்கும். "காற்று மாதிரி லேசாக" என்று அவர் எழுதிய முக்காலி அன்றே கூரையில் போய் ஒட்டிக்கொண்டது; பெருக்குகிற அம்மா வாரம் ஒருமுறை கம்பால் அதைத் தூசி தட்டுவார். இந்த நாற்காலிக்கு அவர் எழுதியது, "உட்கார்ந்தவரை எழுந்திருக்க விடக் கூடாது." யாருக்கு, எவ்வளவு நேரத்துக்கு என்று பட்டறையின் டிசைனர் பெண் கேட்டாள்.

"எல்லாத்தையும் நானே எழுதிக் குடுத்தா, அப்புறம் நீ எதுக்கும்மா?" என்றார்.

முதலில் உட்கார்ந்து பார்த்தவர் அக்கா. நாற்காலி மரியாதையாகத்தான் நடந்துகொண்டது. தூக்கம் வந்தால் தானே சாய்ந்து கொடுத்தது. தம்பி தாளை மாற்றி மாற்றி ஒட்டினார்; பிடித்தவரை விடச் சொல்லி எதிலும் இல்லாததால் அது விடவில்லை. "நன்றாக இருக்க வேண்டும்" என்றதற்குப் பளபளத்தது. "எழுந்திருக்க வேண்டும்" என்றதற்கு அக்காவை உட்காரவைத்தபடியே தான் எழுந்து நின்றது. யார் என்று தாளில் இல்லையே! இதற்குள் அக்காவுக்குப் பேத்தி பிறந்து, நடக்கவும் தொடங்கிவிட்டாள்.

"அவ பின்னால ரெண்டடி ஓடணும்டா, அது போதும்," என்று அக்கா சொன்ன அன்று தம்பி டிசைனர் பெண்ணிடம் போய், "நீ கேளும்மா, நான் எழுதறேன்," என்றார்.

மறுநாள் முழுக்க டிசைனர் பெண் கேட்டாள், அவர் எழுதினார். அக்காவுக்கு எந்த மூட்டு வலிக்கிறது, எந்தக் கையை ஊன்றி எழுவார் என்பதெல்லாம் தம்பிக்கே தெரியவில்லை; ஓடி ஓடி அக்காவிடம் கேட்டுவந்தார். இரண்டு பக்கம் வந்தது. வலது மூட்டு வலியுள்ள என் அக்காவுக்கு மட்டும். காலையில் நாற்பது நிமிடம் பேப்பர் படிக்க. அவர் எழ நினைத்ததும் இடது கைக்குப் பிடி கொடுத்து எழுப்பிவிட வேண்டும்.

ஒட்டியதும் நாற்காலி அக்காவைப் பூப்போல எழுப்பி நிறுத்தியது. அவர் நேரே பேத்தியைத் துரத்தப் போய்விட்டார்.

ஆசையாக உட்காரப் போன முதலாளியை நாற்காலி மெதுவாகத் தரையில் இறக்கிவிட்டது. மாலையில் திரும்பிய அக்கா சிரித்துவிட்டு, தாளின் கடைசியில் ஒரு வரி சேர்த்தார்: "ஞாயிற்றுக்கிழமை தம்பியும் உட்காரலாம்."

எவ்வளவு நேரம் என்று எழுத அக்கா மறந்துவிட்டதால், ஞாயிற்றுக்கிழமை உட்காரும் முதலாளி இப்போதெல்லாம் திங்கள் முழுக்க எழுவதில்லை; செவ்வாய்க்கிழமைதான் வேலைக்கு வருகிறார். திங்கள் விடுமுறை என்று டிசைனர் பெண் வாசலில் பலகை மாட்டிவிட்டாள்.