இடப்பக்கம் இழுக்கும் கார்

என் காருக்கு இடப்பக்கத்தின் மேல் தீராத காதல். ஸ்டீயரிங்கைக் கொஞ்சம் தளர்த்திப் பிடித்தால் போதும், மெல்ல அந்த ஓரத்துக்கு நகரப் பார்க்கும். இரண்டே சீட், இடுப்புயரம், வெளிறிப்போன மஞ்சள் நிறம், பழைய ஸ்போர்ட்ஸ் கார். மூக்குக் கண்ணாடிக் கடை நடத்திச் சம்பாதித்து எனக்கென்று நான் வாங்கிக்கொண்ட ஒரே ஆடம்பரம் அதுதான். அதை யாராவது குறை சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

என் தம்பி காரைக் குறை சொல்ல மாட்டான். என்னைத்தான் சொல்வான்.

"வண்டியில கோளாறே இல்லக்கா. உன் கையிலதான் கோளாறு. பாரு, ரெண்டு விரல்ல ஓட்டுறேன்."

அதுதான் வயிற்றெரிச்சல். அவன் ஓட்டினால் கார் சமர்த்துப் பிள்ளையாக நேரே போகும். சக்கரங்களை நேர்செய்யும் வீல் அலைன்மென்ட் கடைக்காரர் ஓட்டினாலும் அப்படியே. இழுக்கிறது என்று சொல்லிக் கொண்டுபோகும்போதெல்லாம் அவர் காரை ரேம்ப்பில் ஏற்றுவார், சக்கரங்களில் கருவிகளை மாட்டுவார், கம்ப்யூட்டர் திரையைக் காட்டி, "எல்லாம் பச்சை மேடம்" என்பார். அதனாலேயே அவருக்குப் 'பச்சை' என்று பெயர் வைத்திருந்தேன். பச்சை ஓட்டிப் பார்த்துவிட்டுத் திருப்தியாக இறங்குவார். நான் ஏறி உட்கார்ந்ததும் கார் பழைய காதலியைத் தேடிப் போகும்.

ஒருநாள் தம்பி வம்புக்கு இழுத்தான். "கடைசியா ஒரு தடவை அலைன்மென்ட் பண்ணு. அப்பவும் உனக்கு இழுத்தா வண்டி எனக்கு. என் வண்டிய நீ எடுத்துக்க."

அவனுடைய வண்டி, சமையலறை அலமாரிக்குச் சக்கரம் மாட்டியது போல இருக்கும். ஆனாலும் ரோஷம் யாரை விட்டது? "சரிடா" என்று சொல்லித் தொலைத்தேன். சொன்ன பிறகு சாப்பாடே இறங்கவில்லை. கார் போவது ஒருபக்கம். எனக்கு ஓட்டத் தெரியாது என்று குடும்பமே முடிவு கட்டிவிடும், அதைத்தான் தாங்க முடியவில்லை.

மறுநாள் கடைக்கு ஒரு பெரியவர் வந்தார். நான் கொடுத்த கண்ணாடி கோணலாக உட்காருகிறதாம். அதை வாங்கி மேசைமேல் வைத்தேன். ஆடாமல் அசையாமல் உட்கார்ந்தது.

"நேராத்தானே சார் இருக்கு."

"மேசையில நேராத்தாம்மா இருக்கு. நான் என்ன மேசையா?"

சிரித்தபடி அவர் முகத்தைப் பார்த்தேன். வலது காது ஒரு நூல் மேலே இருந்தது. ஃபிரேமின் காலைச் சூடு காட்டி வளைத்தேன். மேசையில் வைத்தால் இப்போது கோணல். அவர் முகத்தில் கச்சிதம். வருஷக்கணக்காக நான் செய்கிற வேலைதான் இது. ஆனால் அன்றைக்குத்தான் மண்டையில் உறைத்தது. என் காரை எல்லாரும் மேசையில் வைத்தே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆளில்லாத கார் நேராக இருக்கிறது. தம்பி ஒட்டடைக்குச்சி, பச்சை அவனைவிட ஒல்லி, அவர்கள் ஏறினாலும் நேராகத்தான் இருக்கும். நான் காற்றடித்தால் பறக்கிற ஆள் இல்லையே!

பச்சையிடம் போய்ச் சொன்னேன். தம்பியும் கூடவே வந்திருந்தான், சாவிக்கு நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு. பச்சை தலையைச் சொறிந்தார். பிறகு டிரைவர் பக்கம் காரைக் கையால் அழுத்தி விட்டுவிட்டுப் பார்த்தார்.

"அட ஆமா மேடம். ரொம்ப லேசான வண்டி, இந்தப் பக்கம் ஸ்பிரிங்கும் தளர்ந்திருக்கு. வெயிட் ஏறுனா அமுங்கி, சக்கரத்தோட சாய்வு மாறி வண்டிய எதிர்ப்பக்கம் தள்ளிடும். இது எனக்குத் தோணவே இல்ல பாருங்க." அவருக்கே உற்சாகம் வந்துவிட்டது. "ரேம்ப்ல ஆள் உட்காரக் கூடாது. சீட்டுல மணல் மூட்டை வச்சு செட் பண்ணிடலாம். உங்க வெயிட் சொல்லுங்க."

தம்பி காதைத் தீட்டிக்கொண்டு நின்றான்.

"எழுபது," என்றேன்.

பச்சை மூட்டைகளை எடைபோட்டு சீட்டில் ஏற்றினார். நட்டுகளைத் தளர்த்தி, திருகி, திரையைப் பார்த்து, மறுபடி திருகினார். கீழே இறக்கியதும் ஓட்டிப் பார்த்தேன், தம்பி பக்கத்து சீட்டில். இழுப்பு குறைந்திருந்தது. ஆனால் இழுத்தது.

திரும்பி வந்து நிறுத்தியதும் அவன் கையை நீட்டினான். "சாவி."

சாவியைக் கொடுக்கக் கையும் தூக்கிவிட்டேன். காரின் மேல் தப்பில்லை, பச்சை மேல் தப்பில்லை. எடை பார்க்கும் மிஷினில் ஏறும்போதெல்லாம் செருப்புக்குக் கொஞ்சம், துணிக்குக் கொஞ்சம், மிஷின் கோளாறுக்குக் கொஞ்சம் என்று தள்ளுபடி செய்தே பழகிப்போனவள் நான். அந்தத் தள்ளுபடிதான் இப்போது இடப்பக்கம் இழுக்கிறது. ஒரு பொய்க்காக என் காரைக் கொடுப்பேனா?

"இன்னொரு தடவை ஏத்துங்க," என்று கத்தினேன்.

"தடவை முடிஞ்சுபோச்சுக்கா."

"வேலையே முடியலடா. நான் சொன்னது தப்பு." காற்றடிக்கும் மிஷின் இரைச்சலில் பச்சைக்குக் கேட்கவில்லை. அடிவயிற்றிலிருந்து கத்தினேன். "எண்பத்தி நாலு!"

சரியாக அந்த நொடியில் மிஷின் நின்றது. கடை முழுக்க எண்பத்தி நாலு எதிரொலித்தது. டயர் மாற்றிக்கொண்டிருந்தவர்கூட நிமிர்ந்து பார்த்தார். பச்சை மட்டும் சிரிக்கவில்லை. "இத மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல மேடம்?" என்று இன்னொரு மூட்டையைத் தூக்கிக்கொண்டு போனார். ஆச்சரியம், எனக்கு வெட்கமே வரவில்லை. மூச்சு நன்றாக வந்தது.

கடைக்குப் பின்னால் ஒரு நீளமான காலி ரோடு. அதில் வேகம் எடுத்து, ஸ்டீயரிங்கிலிருந்து விரல்களை மெல்லப் பிரித்தேன். கார் நேரே போனது. நடுக்கோட்டுக்கு இணையாக, துளி விலகாமல், என்னைச் சுமந்துகொண்டு. "ஏய்ய்ய்!" என்று கூவினேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எனக்கு ஓட்டத் தெரியும். எப்போதுமே தெரியும்.

பக்கத்து சீட்டிலிருந்த தம்பிக்கு நம்பிக்கை வரவில்லை. "எறங்கு, நான் பாக்குறேன்," என்று சாவியைப் பிடுங்கிக்கொண்டு தனியே போனான். திரும்பி வரும்போது இரண்டு விரலைக் காணோம். இரண்டு கையாலும் ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்திருந்தான்.

"அக்கா, இப்ப இது வலப்பக்கம் இழுக்குது!"

நான் நிதானமாகக் கதவைத் திறந்து கையை நீட்டிச் சாவியை வாங்கிக்கொண்டேன்.

"வண்டியில கோளாறே இல்லடா தம்பி," என்றேன். "உன் உடம்புலதான் கோளாறு. போய் நல்லா சாப்புடு."