ஓடாத மோட்டாருக்குக் கைதட்டல்

1

இந்தக் கதை ஒரு பெருமைப் பேச்சில் பிறந்தது. தேனியிலிருந்து கம்பம் போகும் பேருந்தில் பக்கத்து இருக்கை அம்மாள் சொன்னார்: “எல்லாருக்கும் மோட்டாரு ஓடுனாத்தான் கைதட்டுவாக. எனக்கு ஓடாம நின்னதுக்குத் தட்டுனாக.”

அவர் பெயர் ஜெபராணி. உத்தமபாளையம் வருவதற்குள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். கேட்ட கதைக்குக் கை கால் வைப்பது என் பிழைப்பு. ஆகவே இனி வருவதில் கொஞ்சம் என் கைச்சரக்கும் உண்டு.

2

சுருளிப்பட்டியில் திராட்சைக் கொடிகளுக்கு மேலே மாலைச் சூரியன்

(வேண்டாம். அன்று ஒருவரும் சூரியனைப் பார்க்கவில்லை. கம்ப்யூட்டரைத்தான் பார்த்தார்கள்.)

2, மறுபடியும்

1987. தேனிக் கடைவீதியில் மோட்டார் சாமான் விற்ற ஞானதுரையின் மகள் ஜெபராணி, மதுரையில் இன்ஜினியரிங் முடித்த கையோடு ஒரு பெட்டி செய்தாள். கம்ப்யூட்டர் சொன்னால் கிணற்று மோட்டார் ஓட வேண்டும்; சொன்னால் நிற்க வேண்டும். சுருளிப்பட்டியில் அக்கம்மாளின் திராட்சைத் தோட்டத்தில் சோதனை. ஞானதுரை ஒரு வாரமாகக் கடைவீதி முழுக்கத் தம்பட்டம் அடித்திருந்ததால் கூட்டமும் சேர்ந்திருந்தது.

(பெட்டிக்குள் என்ன? கம்ப்யூட்டரில் பிரிண்டர் மாட்டும் இடத்தில் வருவது ஐந்து வோல்ட். மோட்டாருக்கோ நானூறு. நேரே தொட்டால் கம்ப்யூட்டர் கரியாகிவிடும். அதனால் நடுவில் ஒரு பொடி விளக்கு, எதிரே அதைப் பார்க்க ஒரு கண். வெளிச்சம் தாண்டும், மின்சாரம் தாண்டாது. கண் பார்த்ததும் ரிலே என்ற சின்ன சுவிட்ச் ‘டக்’கென்று மூடி ஸ்டார்ட்டரை இழுக்கும். இந்த இடத்தில் எனக்கே கொஞ்சம் பெருமையாக இருக்கிறது.)

3

கிணற்றுக்குள் திட்டில் இருந்த மோட்டாரையும் பம்பையும் சேர்க்கும் கப்ளிங்கைத் தோட்டத்து ஆள் கருத்தக்கண்ணன் இறுக்கிக்கொண்டிருந்தார். மேலே மோட்டார் அறையில் ஜெபராணி, புரோகிராமை ஏற்றி வைப்போமே என்று கம்ப்யூட்டரைப் போட்டாள்.

‘டக்.’

அவள் எதையும் கட்டளையிடவில்லை. கம்ப்யூட்டர் விழிக்கும்போது, புரோகிராம் வருவதற்கு முன்பே, பிரிண்டர் மாட்டும் இடத்தின் எல்லாக் கம்பியிலும் ஐந்து வோல்ட்டைத் தூக்கிவிடும். அப்பாவின் கடையில் சோதித்தபோதெல்லாம் புரோகிராம் ஏறிய பிறகுதான் அவள் பெட்டியை மாட்டினாள். அதனால் இது தெரியாமலே போயிற்று.

மோட்டார் ஓடவில்லை. மூன்று பீஸ் கட்டைகளும் கருத்தக்கண்ணனின் மடியில் இருந்தன. கிணற்றில் இறங்குகிறவர் பீஸ் கட்டையை உருவி மடியில் செருகிக்கொள்வது இங்கே வழக்கம்.

(அவரை ஒரு ஞானியாக்கி எழுதிப் பார்த்தேன். ஒட்டவில்லை. அவர் செய்தது எல்லாரும் செய்வதுதான்.)

‘டக்’ அவளுக்கு மட்டும்தான் கேட்டது. மூடி மறைத்திருக்கலாம். நான் எழுதிய ஒரு முடிவில் மறைத்தாள். அந்தத் தாளைக் கிழித்துவிட்டேன்.

4

ஜெபராணி அத்தனை பேர் முன்னிலையிலும் நடந்ததைச் சொன்னாள். ஞானதுரையின் முகம் தொங்கிப்போயிற்று. அவள் அங்கேயே சால்டரிங் வைத்தாள். இனி ஒரு கம்பி உயர்ந்து, பக்கத்துக் கம்பி தாழ்ந்தால்தான் ரிலே மூடும். விழிக்கும்போது எல்லாம் சேர்ந்து உயர்வதால் ரிலே அசையக் கூடாது. கூடாதுதான். ஆனால் சோதிக்க வேண்டுமே.

கருத்தக்கண்ணன் ஏறி வந்து பீஸ் கட்டைகளை மாட்டினார். ஜெபராணி கிணற்றில் இறங்கினாள். மோட்டார் ஓடினால் சுழலும் அந்தக் கப்ளிங்கின் மேல் வலது கையை வைத்தாள்.

“ஏத்தா, கையை எடு,” என்றார் அக்கம்மாள்.

“நாளைக்கு இன்னொருத்தர் கை வைக்கிற எடம் அத்தை. மொதல்ல என் கை இருக்கட்டும்.” பிறகு மேலே பார்த்துச் சொன்னாள்: “கம்ப்யூட்டரைப் போடுங்கப்பா.”

5

முடிவு 1: கைதட்டல், மாலை மரியாதை. (உண்மைதான். தட்டினார்கள். ஆனால் அது அதற்குப் பிறகு.)

முடிவு 2: ஜெபராணி பெட்டியைத்

(இதுவும் வேண்டாம்.)

மோட்டார் ஓடவில்லை என்பது முதல் பத்தியிலேயே உங்களுக்குத் தெரியும். அந்த வலது கையால்தான் அவர் பேருந்தில் எனக்குக் கடலை நீட்டினார். எனக்கு எழுத வராதது வேறு. மோட்டார் ஓடாது என்பது ஞானதுரைக்குத் தெரியாதே. மகளை நம்பி ஊரெல்லாம் பெருமையடித்த மனிதர் சுவிட்சின் மேல் விரலை வைத்துக்கொண்டு நிற்கிறார். கீழே மகளின் கை இருக்கிறது.

நாலு தடவை எழுதிவிட்டேன். நாலு தடவையும் அவர் விரல் இறங்கவில்லை. ஆனால் அன்று இறங்கியது.

எப்படி இறங்கியது என்பதை நீங்கள் எழுதுங்கள். கீழே இருப்பது உங்கள் மகள்.