வெட்டுப் பலகை தேவை

1

இந்தக் கதை என் கற்பனையில் உதித்ததல்ல; கடைக் கண்ணாடியில் ஒட்டியிருந்தது. 1997 ஒக்டோபர், லண்டன் ஈஸ்ட் ஹாம், தில்லையம்பலத்தாரின் பலசரக்குக் கடை. ‘அறை வாடகைக்கு’, ‘தையல் மெசின் விற்பனைக்கு’ என்ற துண்டுகளுக்கு நடுவே ஒன்று: ‘வெட்டுப் பலகை தேவை. நீளமானது, ஒடுக்கமானது. சுலோச்சனா.’ கீழே தொலைபேசி எண். மீன் வெட்டும் பலகைக்கு இவ்வளவு பாடா என்று சத்தமாகவே சிரித்துவிட்டேன்.

“அது மீன் வெட்ட இல்லை அண்ணை” என்றாள் பின்னால் நின்ற பெண். அவள்தான் சுலோச்சனா. துண்டை எடுத்துவிடச் சொல்ல வந்தவள், எனக்கு விளக்கம் சொல்லத் தொடங்கி, சொல்லிக்கொண்டே பஸ் நிலையம்வரை வந்துவிட்டாள். துண்டு அங்கேயே இருந்துவிட்டது. (இதை ஞாபகம் வைத்திருங்கள். இந்தக் கதையில் நான் செய்த ஒரே உருப்படியான காரியம் அது.)

2

அவள் சொன்னதைக் கதையாக்க உட்கார்ந்தேன். முதல் தொடக்கம்: ஆல்ப்ஸ் மலையின் வெண்பனி போர்த்திய...

விட்டுவிட்டேன். நான் ஆல்ப்ஸைப் பார்த்தது சொக்லேட் பெட்டியில்தான்.

இரண்டாம் தொடக்கம்: அம்பலவாணன் தன் முப்பத்தாறாவது வயதில் மறுபடியும் பனிச்சறுக்குப் பலகையில்...

ஆம், ஆணாக்கிவிட்டேன். யாழ்ப்பாணத்துப் பெண் ஒருத்தி பலகையில் மலையிறங்கினாள் என்றால் நீங்கள் நம்பமாட்டீர்கள் என்ற பயம். வாசித்துக் காட்டியபோது சுலோச்சனா தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தாள்.

“உந்த அம்பலவாணன் ஆர்?”

“நீங்கள்தான்.”

“நான் விழுந்தெழும்பிப் பழகினதை அவர் ஏன் கொண்டுபோறார்?”

நியாயமான கேள்வி. அம்பலவாணனை அன்றே வெளியேற்றினேன்.

3

அவள் எண்பத்தாறில் சுவிஸுக்கு அகதியாகப் போனவள். ஒரு மலைக் கிராமத்து ஹோட்டலில் கோப்பை கழுவினாள். முதலாளியின் மகள் தன் பழைய பலகையை இரவல் கொடுத்துப் பழக்கினாள். இப்போது எல்லாரும் மெத்தென்ற சப்பாத்தோடு துள்ளுகிற அகலப் பலகை அல்ல அது. ஒடுக்கமானது. காலுக்குக் கெட்டிப் பிளாஸ்டிக் சப்பாத்து. உடம்பைச் சாய்த்தால் இரும்பு விளிம்பு பனியை வெட்டிக்கொண்டு வளையும். அதற்குக் ‘கார்விங்’, அதாவது வெட்டுதல், என்று பெயர்.

எண்பத்தெட்டில் கல்யாணமாகி லண்டன் வந்தாள். சப்பாத்து அவளுடைய சம்பளத்தில் வாங்கியது, அதனால் கூடவே வந்தது. பலகை இரவல், அங்கேயே தங்கிவிட்டது. ஒன்பது வருடமாக அந்தச் சப்பாத்து அலுமாரியில், கூறைச்சேலைக்குப் பின்னால் இருக்கிறது.

(இந்த இடத்தில் கணவரை வில்லனாக்கப் பார்த்தேன். “அந்த மனுசன் பாவம், அவருக்கு நைட் ஷிப்ட்” என்று தடுத்துவிட்டாள்.)

ஏன் இப்போது திரும்ப என்று கேட்டேன்.

“எங்கை போனாலும் பேப்பரைக் காட்டு, கார்ட்டைக் காட்டு. மலையிலை மட்டும் ஒருத்தரும் கேக்கேல்லை. அங்கை எனக்குப் பயமே இருக்கேல்லை அண்ணை. அந்தச் சுலோச்சனா இன்னும் இருக்கிறாளோ, இல்லையோ எண்டு பாக்கவேணும். இல்லையெண்டால் அதையும் தெரிஞ்சுகொள்ளவேணும்.”

4

நகரத்துக் கடைகளில் அப்படியான பலகையை இப்போது எவரும் கேட்பதில்லை என்று கையை விரித்தார்கள். கடைசியில்தான் தமிழில் எழுதி ஒட்டினாள்: ‘பனியை வெட்டிச் சறுக்கும் பலகை’. துண்டு ஈரத்தில் கரைய, தில்லையம்பலத்தார் அதை நல்ல மனதோடு ‘வெட்டுப் பலகை’ என்று திருத்தி எழுதினார்.*

முதல் மூன்று அழைப்புகளும் மீன் பலகைகள். துண்டு எடுபடாமல் இருந்ததால் வந்த நாலாவது லூயிஷாமிலிருந்து, மரியமலர் என்ற வீட்டுக்காரம்மா.

“பிள்ளை, இஞ்சை மேலறையிலை சுவிஸிலையிருந்து வந்து இருந்தவர் ஒண்டை விட்டிட்டுப் போட்டார். ரெண்டு பக்கமும் இரும்பு விளிம்பு. ஆனால் முதலே சொல்லிப்போட்டன், மீன் வெட்ட உதவாது. வைக்க வைக்க வழுக்குது.”

சுலோச்சனா ரிசீவரைப் பிடித்தபடி அழத் தொடங்கினாள்.

“அழாதை பிள்ளை. கழுவித்தான் தருவன்.”

* “பனியை ஆர் வெட்டுறது? மீனெண்டால் வெட்டலாம்” என்பது அவர் வாதம். இன்றுவரை மாறவில்லை.

5

கிழக்கு லண்டனில் பெக்டன். பழைய காஸ் ஆலையின் கழிவு மேடு, மேலே பனிக்குப் பதில் பிளாஸ்டிக் தும்பு விரிப்பு. அதற்கும் ஆல்ப்ஸ் என்றுதான் பெயர். ஞாயிறு காலை சுலோச்சனா உச்சியில் நிற்கிறாள். பலகையில் லேசான மீன் வாசம். நான் கீழே, கதை எழுதும் கொப்பியோடு.

முடிவு அ: ஒரு பிசகும் இல்லாமல் வளைந்து வளைந்து... (பொய். ஒன்பது வருடம் என்ன சும்மாவா?)

முடிவு ஆ: முதல் வளைவிலேயே முழங்கால்... (மாட்டேன். ஆசைப்பட்ட பெண்களை விழுத்தி விழுத்தியே கதை முடித்தவர்கள் நாங்கள். எனக்கே வெறுத்துவிட்டது.)

“அண்ணை, முடிவு எழுதியாச்சோ?” மேலிருந்து கத்தினாள்.

“இல்லை. விழுவீங்களோ?”

“விழுவன். அதுக்கென்ன? இஞ்சை வாசல்லை என்ன கேட்டவங்கள் தெரியுமோ?”

“பேப்பரோ?”

“பலகையிலை எந்தக் கால் முன்னுக்கெண்டு. அவ்வளவுதான். இடதெண்டனான்.”

அவள் சாய்ந்தாள். விளிம்பு விரிப்பைக் கீறும் சத்தம் கேட்டது.

“தள்ளி நில்லுங்கோ, வாறன்.”

எனக்கு மட்டுமல்ல, உங்களுக்கும்தான் சொல்கிறாள். கொப்பியை மூடிவிட்டேன், மிச்சத்தை நீங்கள் பாருங்கள். கொஞ்சம் தள்ளி நின்று பாருங்கள். அந்தா வருகிறாள், சுலோச்சனா