ஆழத்தில் உட்காரும் வாத்துகள்

சுண்டுவுக்குத் தண்ணீர் என்றாலே ஆகாது. குளிப்பதற்கு மேல் அதனுடன் எந்த உறவும் வைத்துக்கொண்டதில்லை. அவளுக்கு வாய்த்த அண்ணியோ நீச்சல் ஆசிரியை. நாத்தனாரைக் குளத்தில் இறக்க அவளும் என்னென்னவோ செய்து பார்த்துவிட்டாள். "செருப்புக் கடையில நிக்கிறவளுக்கு நீச்சல் எதுக்கு?" என்று சுண்டு ஒரே போடாகப் போட்டுவிடுவாள்.

பள்ளிக்கூட வேலையை உதறிவிட்டு, கொல்லையிலிருக்கும் நீச்சல் குளத்திலேயே சொந்தமாக வகுப்பு நடத்தக் கிளம்பினாள் அண்ணி. சுகாதார அதிகாரி வந்து தண்ணீரைச் சோதித்து அனுமதி தர வேண்டும். அந்த நேரம் பார்த்துக் காட்டு வாத்துகள் வந்து சேர்ந்தன. விடிந்ததும் கூட்டமாக இறங்கி, குளம் முழுக்க எச்சமிட்டுவிட்டு, கூலி கேட்காமல் பறந்து போகும். அண்ணி பிளாஸ்டிக் முதலை ஒன்றை மிதக்கவிட்டாள். அதன் முதுகில் ஏறி வெயில் காய்ந்தன. குறுக்கே கயிறு கட்டினாள். கரையில் இறங்கி, கயிற்றுக்கு அடியில் புகுந்து வந்தன.

"இது சரிப்பட்டு வராது போலிருக்கு சுண்டு. பேசாம பழைய வேலைக்கே போயிடறேன்."

சுண்டு தன் புருஷன் வீட்டைவிட்டு வந்து நின்ற அன்று, ஏன் என்று ஒரு வார்த்தை கேட்காமல் அறையை ஒழித்துக் கொடுத்தவள் அண்ணி. அவள் குரல் இப்படி இறங்கியதைச் சுண்டுவால் பொறுக்க முடியவில்லை.

"நீங்க சும்மா இருங்க அண்ணி. இதுகளை நான் பாத்துக்கிறேன்."

ஆள் நிற்கும் தண்ணீரில் வாத்து இறங்காது என்று கணக்குப் போட்டு, விடியலில் இடுப்பளவுத் தண்ணீரில் போய் நின்றாள். வாத்துகள் அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு ஆழமான பக்கத்தில் உட்கார்ந்துகொண்டன. இவள் அங்கே வரமாட்டாள் என்று யார் சொன்னார்களோ தெரியவில்லை. சுண்டுவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மறுநாள் கழுத்தளவுக்குப் போனாள். பிறகு விளிம்பைப் பிடித்தபடி காலை உதைத்து உதைத்துத் துரத்தினாள். தினமும் இதே கூத்துதான். விளிம்போரத்தை விட்டுக்கொடுத்த வாத்துகள் நடு ஆழத்தை மட்டும் விடுவதாக இல்லை. அண்ணி சமையலறை ஜன்னலில் நின்று பார்ப்பாள்.

அதிகாரி வந்த காலையிலும் சுண்டு விளிம்பைப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் இருந்தாள். அவர் பையிலிருந்து குப்பியை எடுக்கும்போதே தலைக்கு மேல் சிறகடிப்பு கேட்டது. மொத்தக் கூட்டமும் நடு ஆழத்தை நோக்கித் தாழ்ந்து வந்தது. அண்ணி கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

சுண்டு விளிம்பை விட்டாள். கையும் காலும் கண்டபடி அடிக்க, கத்திக்கொண்டே நடுவில் பாய்ந்தாள். வாத்துகள் இறங்காமலே மேலேறித் திரும்பிப் போயின. காலுக்குக் கீழே தரை இல்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. உயிரே போய்விட்டதுபோல் இருந்தது.

"நிறுத்தாதடி. காலை உதை," என்றது அண்ணியின் குரல்.

உதைத்தாள். எதிர்ப்பக்க ஏணி கையில் தட்டுப்பட்டது.

அதிகாரி தண்ணீரை மொண்டு, மருந்து விட்டு, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "சுத்தமா இருக்கு. வகுப்பை ஆரம்பிக்கலாம். அவங்க உங்க மாணவியா?"

"அவளா? அவளுக்குத் தண்ணின்னாலே ஆகாதுங்க," என்றாள் அண்ணி.

ஏணியில் நாலு படி ஏறினால் கரை. சுண்டு மூச்சு வாங்கிக்கொண்டாள். பிறகு ஏணியை விட்டுவிட்டு, வந்த வழியே நீந்தித் திரும்பினாள்.